கற்றை நின்ற பிறகு

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தை ஊரார் ஆர்.சி.சி. என்றே சொல்கிறார்கள். கேரளத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, களியக்காவிளைக்கு இப்பால் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் ‘கரண்ட் வைக்க’ அங்கே போகின்றன. அவர்கள் கரண்ட் என்று சொல்வது பெரும்பாலும் லினாக் எனப்படும் நேரியல் முடுக்கி தரும் எக்ஸ் கதிரை. எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் விரட்டி, டங்ஸ்டன் போன்ற கன உலோகத்தில் மோதவிட்டு அந்தக் கதிரை உண்டாக்குகிறார்கள். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் நிலத்தடியில் கிடக்கும் மாபெரும் முடுக்கியும், சிகிச்சை அறையில் நோயாளியைச் சுற்றிவரும் இந்த இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. ஏதாவது பிசகினால் கற்றையை எப்படி நிறுத்துவது?

இந்தக் கேள்விக்கு முடுக்கிப் பொறியாளர்கள் கண்ட விடை பொறியியலின் நல்ல சாதனைகளில் ஒன்று. ஆனால் அது பாதி விடைதான். நின்றுபோன கற்றையை மறுபடி தொடங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும், யார் அனுமதிக்க வேண்டும் என்ற மறுபாதி பல இயந்திரங்களில் வடிவமைக்கப்படாமலே விடப்பட்டது. அது இயக்குபவரின் பொறுமைக்கும் அன்றைய வேலைச்சுமைக்கும் ஒப்படைக்கப்பட்டது. முடுக்கிகளின் வரலாற்றில் பதிவான பெரிய விபத்துகள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உயிர்கள் போனது பெரும்பாலும் இந்த மறுபாதியில்தான் என்று தெரிகிறது.

நிறுத்தும் முறையின் பலம்

மருத்துவ லினாக்கில் கற்றை தொடர்ந்து ஒழுகுவதில்லை. நொடிக்குச் சில நூறு துடிப்புகளாக வருகிறது. ஒவ்வொரு துடிப்பும் சில மைக்ரோநொடிகள் மட்டுமே நீடிக்கும். எலெக்ட்ரான்களை உமிழும் பகுதிக்கும் நுண்ணலை தரும் பகுதிக்கும் போகும் மின்துடிப்பை வெட்டிவிட்டால் அடுத்த துடிப்பு பிறக்காது. அறைக்கதவு திறந்தாலும், சுவரிலுள்ள அவசரப் பொத்தானை யாராவது அழுத்தினாலும், அளவுமானி எல்லை மீறினாலும் அந்த மின்பாதை அறுந்துவிடும். இதைத்தான் இன்டர்லாக் என்கிறார்கள். எல்லாக் கண்ணிகளும் ‘சரி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் கற்றை ஓடும். ஒரு கண்ணி மௌனமானாலும் நின்றுவிடும். கம்பி அறுந்தாலும், ரிலே பழுதானாலும், மின்சாரமே போனாலும் விளைவு அதுதான். பழுது எந்தப் பக்கம் விழுந்தாலும் இயந்திரம் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர்நாடி.

இதன் அருமை கோபால்ட் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957இலேயே கோபால்ட்-60 சிகிச்சை தொடங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் இந்தியாவின் ஏழை நோயாளிகளைக் காத்தது அந்த வகை இயந்திரம்தான். ஆனால் கோபால்ட்டை அணைக்க முடியாது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், அதுவரைக்கும் அதன் பிறகும் அது இரவுபகலாகக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். சிகிச்சை முடிந்ததும் கதிர்மூலத்தைக் கவசத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இழுக்கும் பொறி பாதியில் சிக்கிக்கொண்டால் ஒரு மனிதர் உள்ளே போய் நோயாளியை வெளியே கொண்டுவரவும், மூலத்தைக் கையால் உள்ளே தள்ளவும் வேண்டியிருக்கும். லினாக்கில் இந்தக் கவலை இல்லை. மின்சாரம் இல்லையென்றால் கற்றையும் இல்லை.

ஆராய்ச்சி முடுக்கிகளில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. கற்றைப் பாதையின் முற்பகுதியில் கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிற்பகுதியில் ஆட்கள் வேலை செய்ய வேண்டியிருக்கும். அதற்காகக் கற்றை வரும் குழாயின் குறுக்கே கனமான உலோகக் கட்டைகளை இறக்குகிறார்கள். நல்ல வடிவமைப்பில் அந்தக் கட்டையைத் தூக்கிப் பிடிக்கத்தான் அழுத்தக் காற்று வேண்டும். காற்று போனால் கட்டை தன் எடையாலேயே விழுந்து வழியை அடைத்துவிடும். ஒரு கட்டையை மட்டும் நம்புவதில்லை. ஒன்றுக்குப் பின் இன்னொன்று வைப்பார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. வலுவான கற்றை தடுப்புக் கட்டையையே உருக்கித் துளைத்துவிட்டால்? அதைக் கண்டுபிடிக்க வாயு நிரப்பிய ஓர் அறையைக் கட்டையோடு பொருத்தினார்கள். கற்றை அதுவரை துளைத்துவிட்டால் வாயு அழுத்தம் குறையும், முடுக்கி நின்றுவிடும். காப்பவனுக்கும் ஒரு காவல் வேண்டும் என்று யோசித்த வடிவமைப்பு அது.

திருவனந்தபுரத்துக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதல்ல. தும்பாவில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பொறியாளர்கள் இதற்கு நேர்மாறான சிக்கலோடு வாழ்கிறார்கள். 2010 டிசம்பர் 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்-06 ஏவுகலம், இணைப்பிகள் கழன்று கட்டுப்பாட்டை இழந்தது. தரையிலிருந்து ஆணை அனுப்பி அதை வானிலேயே அழிக்க வேண்டியிருந்தது. பறக்கும் ஏவுகலம் தானாகப் பாதுகாப்பான நிலைக்கு வராது. நிறுத்துவதற்கும் ஆணையும் வெடிபொருளும் வேண்டும். முடுக்கிக்கு அது வேண்டாம். எதுவும் செய்யாமல் விட்டாலே அது அடங்கிவிடும். இயற்கை கொடுத்த இந்தச் சலுகையை முடுக்கிப் பொறியியல் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. அது உண்மையான பலம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கதவைக் காப்பதும் மனிதரைக் காப்பதும்

குறைகள் வேறு இடத்தில் உள்ளன. முதல் குறை, இந்த நிறுத்தும் கருவிகள் எதை ஆபத்தாகக் கருதுகின்றன என்பதில் இருக்கிறது. இவை முதலில் காக்க நினைத்தது கதிர் அறைக்குள் தவறி நுழைபவரை. அந்தக் கவலை நியாயமானது. 1992 நவம்பரில் ஹனோய் நகரின் ஓர் ஆய்வகத்தில், இயக்குபவர்களுக்குத் தெரியாமல் ஒருவர் மாதிரிப் பொருளைச் சரிசெய்ய உள்ளே போனார். அந்த நேரத்தில் கற்றை ஓடத் தொடங்கியது. அவருடைய கைகள் கடுமையாகச் சிதைந்தன. கதவோடு கற்றையைப் பிணைக்கும் எளிய பூட்டு ஒன்று இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆனால் மருத்துவமனையில் ஒருவர் கற்றைக்கு நடுவே வேண்டுமென்றே படுத்திருக்கிறார். கதவு மூடியிருக்கிறது, சுவர் கனமாக இருக்கிறது, வெளியே யாருக்கும் ஆபத்தில்லை. அந்த ஒருவருக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பார்க்கும் கண் லினாக்கின் தலைப்பகுதியிலுள்ள அயனி அறைகள். ஒன்று குறித்த அளவு வந்ததும் நிறுத்தும். அது தவறினால் தனியாக இயங்கும் இரண்டாவது நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். என்றாலும் அந்தக் கண்ணுக்கும் எல்லை உண்டு. தெராக்-25 விபத்துகள் அதை உலகுக்குக் காட்டின.

கனடாவில் வடிவமைக்கப்பட்ட தெராக்-25 இயந்திரத்தால் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் மிகை கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதற்கு முந்தைய மாதிரியான தெராக்-20இல் இருந்த தனி மின்பூட்டுகள் புதிய இயந்திரத்தில் நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் இயக்குபவர் திரையில் சிகிச்சை முறையைச் சில நொடிகளுக்குள் திருத்தியபோது, கற்றையின் வலிமை ஒரு முறைக்கும் தலைப்பகுதியின் அமைப்பு இன்னொரு முறைக்குமாக அமைந்துவிட்டன. குறித்த அளவைவிட ஏறத்தாழ நூறு மடங்கு பாய்ந்தது. அயனி அறை அந்த வெள்ளத்தில் திணறி, குறைவான அளவே போயிருப்பதாகக் காட்டியது. கற்றையை நிறுத்த வேண்டிய கண்ணை அந்தக் கற்றையே மறைத்துவிட்டது.

இந்த விபத்தை மென்பொருள் பிழையின் கதையாகத்தான் பாடநூல்கள் சொல்கின்றன. 1993இல் நான்சி லெவெசனும் கிளார்க் டர்னரும் எழுதிய ஆய்வுக்குப் பின் அது கணினிப் பொறியியல் மாணவர் அனைவரும் படிக்கும் பாடமானது. அது சரிதான். ஆனால் நம் கேள்விக்கு அதைவிட முக்கியமான ஒரு விவரம் அதில் இருக்கிறது. டைலரில் இயந்திரம் நின்றது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று ஒரு வரி வந்தது. அதன் பொருள் இயக்குபவருக்குத் தெரியாது, கையேடும் விளக்கவில்லை. தொடர ஒரே ஒரு விசை போதும். அடிக்கடி காரணமின்றி நிற்கும் இயந்திரம் என்பதால் அந்த விசையை அழுத்துவது வழக்கமாகியிருந்தது. அழுத்தினார். மேசையில் கிடந்தவர் மேல் இரண்டாவது முறையும் கற்றை பாய்ந்தது.

மறுதொடக்கம் என்னும் ஓட்டை

இந்த வரிசையில் மற்ற விபத்துகளையும் வைத்துப் பாருங்கள். 1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசாவில் ஒரு லினாக் பழுதாகி நின்றது. தொழில்நுட்பர் வந்து கற்றையை மீண்டும் வரவழைத்தார். அதன் பிறகு எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் மானி ஒரே அளவைக் காட்டியது. முள் சிக்கியிருக்கிறது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். பழுது பார்த்த செய்தி இயற்பியலாளர்களுக்கு முறையாகப் போகாமலே சிகிச்சை தொடர்ந்தது. சில நாட்களுக்குள் 27 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள்.

2001 பிப்ரவரி 27 அன்று போலந்தின் பியாவிஸ்டாக் நகரில் சிகிச்சைக்கு நடுவே மின்சாரம் போனது. இயந்திரம் நின்றது. நிறுத்தும் முறை தன் கடமையைச் சரியாகவே செய்தது. மின்சாரம் திரும்பியதும் இயந்திரத்தை இயக்கிச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அதற்குள் கதிரளவைக் கண்காணிக்கும் பகுதியில் ஒரு ஃபியூஸ் பழுதாகியிருந்தது. அதைக் கண்டு தடுக்க வேண்டிய இன்டர்லாக்கிலும் ஒரு டையோடு பழுது. ஐந்து நோயாளிகளுக்குக் கடுமையான கதிர்க் காயங்கள் ஏற்பட்டன. பாதுகாப்புச் சுற்றில் ஓர் உறுப்பு பழுதானால் அன்றாட வேலை நின்றுவிடாது. அந்தப் பழுது தேவைப்படும் நாள்வரை ஒளிந்தே கிடக்கலாம். அதனால்தான் நின்ற இயந்திரத்தை மறுபடி தொடங்கும் கணத்தில் பாதுகாப்புச் சுற்றையே சோதிப்பது அவ்வளவு அவசியம்.

பணமும் நிபுணர்களும் நிறைந்த ஜப்பானில்கூட இது நடந்தது. 2013 மே 23 அன்று ஜே-பார்க் ஆய்வகத்தில், மெல்ல வெளியேற வேண்டிய புரோட்டான் கற்றை சில மில்லிநொடிகளில் மொத்தமாகப் பாய்ந்து தங்க இலக்கைச் சேதப்படுத்தியது. எச்சரிக்கை ஒலித்தது, கற்றை நின்றது. பின்னர் எச்சரிக்கையை ரீசெட் செய்து கற்றையை மீண்டும் ஓடவிட்டார்கள். சேதமடைந்த இலக்கிலிருந்து கசிந்த கதிரியக்கப் பொருள் கூடத்தில் பரவியது. 34 பேர் அதற்கு ஆளானார்கள்.

நான்கு நாடுகள், நான்கு இயந்திரங்கள், காரணங்களும் வெவ்வேறு. ஆனால் நான்கிலும் ஒரு கட்டத்தில் கற்றை நின்றிருந்தது. நான்கிலும் அது ஏன் நின்றது, இயந்திரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது முழுதாகத் தெரியாமலேயே மறுபடி தொடங்கப்பட்டது. இதை இயக்குபவரின் அலட்சியம் என்று சொல்லி முடித்துக்கொள்வது அநியாயம். ஒரு விசையைத் தட்டினால் தொடரலாம் என்று அமைத்துக் கொடுத்தது வடிவமைப்பு.

இரண்டாவது குறை இதிலிருந்தே கிளைக்கிறது. எதற்கெடுத்தாலும் நிற்கும் கருவி, நிற்பதன் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. வீட்டில் டிரிப் சுவிட்ச் விழுந்தால் மேலே தள்ளிவிடுகிறோம். நாலைந்து முறை ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த முறை யோசிப்பதே இல்லை. கேரளத்தில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை மாதங்களின் மாலைகள் இடிமின்னலோடு வருபவை. மின்னழுத்தம் ஒரு கணம் தடுமாறினாலே நுணுக்கமான இயந்திரம் நின்றுவிடும். ஒரு பருவமழைக்காலம் முழுவதும் இப்படி நின்று நின்று கிளம்பும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு, நூறு வெற்று நிறுத்தங்களுக்கு நடுவே வரும் ஓர் உண்மை நிறுத்தத்தைப் பிரித்தறிய இயந்திரம் என்ன உதவி செய்கிறது? பல நேரங்களில் ஒரு குறியீட்டு எண்ணை மட்டுமே காட்டுகிறது.

மறுபக்கத்தின் நியாயம்

‘அப்படியானால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைப் பூட்டிவைத்து, நிபுணர் வந்து பார்த்த பிறகே திறக்கலாமே’ என்று சொல்லத் தோன்றும். இங்கே எதிர்வாதத்துக்கு வலு இருக்கிறது. கற்றை நின்றால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்பது ஆய்வகத்தில் உண்மை, மருத்துவமனையில் பாதி உண்மை. கதிர் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாட்களாக ஆறு ஏழு வாரங்கள் நீள்வது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டாலும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஒரு விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில் இது சிறிய விஷயமல்ல. குமரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து, மையத்தின் அருகே வாடகை அறையில் தங்கி, கூலியை இழந்து காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போவது பணச்சுமையும்கூட. இயக்குபவர் ரீசெட்டைத் தட்டுவது சோம்பலால் அல்ல. வெளியே வரிசையில் இருப்பவர்களின் மீதுள்ள அக்கறையும் அந்த விரலை நகர்த்துகிறது.

ஆகவே நமக்கு வேண்டியது, நின்ற காரணத்தின் தரத்துக்கேற்ப மறுதொடக்கத்தை எளிதாகவோ கடினமாகவோ ஆக்கும் வடிவமைப்பு. அது முடியாத காரியமல்ல என்பதற்கு ஜெனீவா செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹேட்ரான் மோதுவியே சான்று. அதன் காந்தங்களை நுட்பமாக நிலைநிறுத்தும் ஜாக்கிகள் இந்தியாவிலிருந்து போனவை என்பதால் நமக்கும் அதில் ஓர் உரிமை உண்டு. முழு ஆற்றலில் ஒரு கற்றை 362 மெகாஜூல் ஆற்றலைச் சுமக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. பிசகு தெரிந்தால் மூன்று சுற்றுகளுக்குள், அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதற்கு முன், முழுக் கற்றையும் பல மீட்டர் நீள கார்பன் உருளைக்குள் கொட்டப்படுகிறது. கண்ணைக் கவருவது இந்த வேகம். நான் மதிப்பது அதன் பிறகு நடப்பதை. ஒவ்வொரு முறை கொட்டிய பின்பும் கருவிகளின் பதிவுகள் தானாகவே ஆராயப்படுகின்றன. எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்திருந்தால் வழி திறக்கும். இல்லையென்றால் உரியவர் பார்த்து ஒப்பும்வரை புதிய கற்றை உள்ளே வர முடியாது. சில தடுப்புகளைத் தற்காலிகமாக விலக்கிவைக்கவும் அங்கே இடமுண்டு. ஆனால் கற்றை தீங்கு செய்ய முடியாத அளவுக்கு மெலிதாக இருக்கும்வரைதான். வலு கூடியதும் அந்த விலக்கு தானாகவே ரத்தாகிவிடும். விலக்கு வேண்டும் என்ற நடைமுறைத் தேவையை மறுக்காமல், அதையும் வடிவமைப்புக்குள் கொண்டுவந்தார்கள். மறந்துபோன விலக்கு என்று ஒன்று அங்கே இருக்க முடியாது.

நம் மருத்துவமனைகளுக்கு வேண்டியவை

இந்தியாவில் சட்ட அடித்தளம் வலுவாகவே இருக்கிறது. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் லினாக்கை நிறுவவோ இயக்கவோ முடியாது. ஒவ்வொரு மையத்திலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். நோயறி எக்ஸ் கதிர்க் கருவிகளின் மேற்பார்வைக்காக மாநில அளவில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைத்ததில் கேரளம் முன்னோடி. தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன் கதவு இன்டர்லாக்கைச் சோதிப்பதும் கதிரளவைச் சரிபார்ப்பதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. ஆனால் காலைச் சோதனை, கருவி நிற்கிறதா என்று கேட்கிறது. மதியம் மூன்று மணிக்கு மின்தடைக்குப் பின் கிளம்பும் இயந்திரம், காலையில் சோதித்த அதே இயந்திரம்தானா என்று அது கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை வடிவமைப்புக்குள் கொண்டுவர நான்கு மாற்றங்கள் போதும். முதலாவது, நிறுத்தங்களை இயந்திரமே தரம் பிரிக்க வேண்டும். கதவு திறந்ததால் நின்றால், கதவை மூடித் தொடரலாம். கதிரளவு, ஆற்றல், மின்தடை ஆகியவற்றால் நின்றால், நோயாளி மேசையில் இல்லாத நிலையில் ஒரு குறுஞ்சோதனைக் கற்றை ஓடி, அளவு ஒத்துப்போன பிறகே சிகிச்சை விசை உயிர்பெற வேண்டும். சில நிமிடங்களே எடுக்கும் இந்தச் சோதனை பியாவிஸ்டாக்கில் நடந்திருந்தால் காயங்கள் தவிர்ந்திருக்கும். இரண்டாவது, அந்தச் சோதனைக்குப் பயன்படும் அளவுமானி இயந்திரத்தைச் சாராத தனிக் கருவியாக இருக்க வேண்டும். தெராக்கின் கண் தன் கற்றையாலேயே மறைந்த பாடம் அது. மூன்றாவது, பழுதுபார்ப்புக்குப் பின் மருத்துவ இயற்பியலாளரின் ஒப்புதல் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. அவருடைய சாவி இல்லாமல் கற்றை வரக்கூடாது. நான்காவது, ரீசெட் எண்ணிக்கை மாதந்தோறும் பாதுகாப்புக் குழுவின் மேசைக்கு வர வேண்டும். ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும் இயந்திரம் உதவி கேட்கிறது என்று பொருள்.

இவை எதுவும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மும்பையின் சமீர் நிறுவனம் உள்நாட்டிலேயே லினாக்குகளை உருவாக்கியிருக்கிறது. கோபால்ட் வகையில் பாபாட்ரான் என்ற உள்நாட்டு இயந்திரத்தைக் கொடுத்த நாடு இது. வெளிநாட்டு இயந்திரத்தின் உள்ளே நம்மால் கைவைக்க முடியாமல் போகலாம். நாமே செய்யும் இயந்திரத்தில் மறுதொடக்க ஒழுங்கை முதல் வரைபடத்திலேயே எழுதிவைக்கலாம். வாங்கும் இயந்திரத்துக்கும் ஒப்பந்தப்புள்ளியில் அதைக் கேட்கலாம். பொது மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து கேட்டால் எந்த உற்பத்தியாளரும் செவிசாய்ப்பார்.

என் மதிப்பீடு இது: கற்றையை நிறுத்தும் கலையில் முடுக்கிப் பொறியியல் தேர்ந்துவிட்டது, மறுபடி தொடங்கும் ஒழுங்கில் இன்னும் தேரவில்லை. இந்த இரண்டையும் ஒரே கருவியின் இரண்டு கடமைகளாக எண்ணும் வடிவமைப்பைத்தான் முழுமையான பாதுகாப்பு என்று ஏற்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் என் வேண்டுகோளும் அதுவே. இயந்திரம் நிற்கிறதா என்று சோதிக்கும் படிவத்தில் இன்னொரு வரியைச் சேருங்கள். நின்ற பிறகு எதைப் பார்த்து, யார் சொல்லி அது தொடங்கியது என்று அந்த வரி கேட்கட்டும்.